ஐந்து அப்பா, ஒரே அம்மா: எச்.பி. கம்பின் ஏற்றமும் சறுக்கலும்

கம்பில் அடிச்சாம்பல் நோயைப் பார்க்க வேண்டுமானால் வெயில் ஏறுவதற்குள் வயலுக்குப் போய்விட வேண்டும். இலை காய்ந்துவிட்டால் பாதி அடையாளம் மறைந்துபோகும். சில வருஷங்களுக்கு முன் ஒரு புரட்டாசிப் பட்டத்தில், திண்டிவனம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் கொல்லைக்கு அப்படித்தான் விடிகாலையில் போனேன். விதைத்து இருபத்தைந்து நாள் இருக்கும். வரப்பிலிருந்து பார்க்கும்போது எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. உள்ளே இறங்கி நடந்தபோது, நடுநடுவே சில செடிகள் வெளிறிப்போய், கூட நிற்கும் செடிகளைவிட அரை முழம் குட்டையாக நின்றன. இலையின் அடியிலிருந்து நுனியை நோக்கி மஞ்சள் ஓடியிருந்தது. ஒரு இலையைத் திருப்பினேன். அடிப்புறம் முழுக்கப் பவுடர் டப்பாவைத் தட்டிவிட்டது போல வெள்ளை. விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வந்தது.

"பனிதான தம்பி?" என்றார் அந்த அம்மா.

"பனின்னா எல்லாச் செடியிலயும் இருக்கணுமேம்மா."

பக்கத்துச் செடியின் இலையை அவரே திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அடுத்ததும் சுத்தம். அதற்கு அடுத்ததில் வெள்ளை. பிறகு அவர் பேசாமல் வரிசையோடு நடந்து இலைகளைத் திருப்பிக்கொண்டே போனார். கடைசியில் திரும்பி வந்து, விதை எங்கே வாங்கினார் என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "கடையில மூட்டையப் பிரிச்சு ரெண்டு கிலோ நிறுத்துக் குடுத்தாங்க. நல்லாத்தான் முளைச்சுது. அதுல குறை சொல்லக் கூடாது."

நல்லாத்தான் முளைச்சுது. விதையைப் பற்றி நம் ஊரில் கொடுக்கப்படும் நற்சான்றிதழ் பெரும்பாலும் அவ்வளவுதான். விதைப் பரிசோதனைக்கூடத்தில் 400 விதையை ஈரத்தாளில் எண்ணி வைத்து, ஏழாம் நாள் எத்தனை முளைத்தது என்று எண்ணும் வேலையை நானும் பார்த்திருக்கிறேன். எண் சரியாக வந்தால் மனசுக்கு நிம்மதி. ஆனால் நன்றாக முளைத்த விதை ஒரு நாட்டையே காலை வாரிய கதை ஒன்று உண்டு. அது இதே கம்பில், இதே நோயால், ஐம்பது வருஷத்துக்கு முன் நடந்தது. விதைத் தரம் என்றால் என்ன என்று யோசிக்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

எச்.பி. 1 வந்த வழி

கம்பில் ஒட்டு ரகம் உருவாக்குவது ஒரு பக்கம் சுலபம், இன்னொரு பக்கம் பெரும்பாடு. கதிரில் முதலில் சூல்முடி வெளியே வரும். மகரந்தப்பை அதற்குச் சில நாள் கழித்துத்தான் வரும். அதனால் கம்பு இயல்பாகவே பக்கத்துச் செடியின் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் பயிர். இதைப் பயன்படுத்தி, கோயம்புத்தூரில் அந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பெற்றோரையும் கலந்து விதைத்து, தானாகக் கலந்த விதையை எடுத்து எக்ஸ் 1, எக்ஸ் 2 என்று ஒட்டுகளை வெளியிட்டார்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் மூட்டைக்குள் ஒட்டு விதையும் ஒட்டாகாத விதையும் கலந்தே கிடக்கும். பிரித்தெடுக்க வழி இல்லை. விளைச்சல் கூடியது, ஆனால் ஊரே திரண்டு வந்து வாங்கும் அளவுக்குக் கூடவில்லை.

முழு ஒட்டு விதை வேண்டுமென்றால் தாய்ச்செடியில் மகரந்தமே இருக்கக் கூடாது. கம்புப் பூ கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னது. ஒரு கதிரில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றிலும் மகரந்தப்பையைக் கிள்ளுவது நடக்கிற காரியமா? செடியே ஆண்மலடாகப் பிறந்தால்தான் உண்டு. அப்படி ஒரு செடி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் இருந்தது. கிளென் பர்ட்டன் என்ற பயிர்ப் பெருக்க அறிஞர் அங்கே உருவாக்கிய ஆண்மலட்டு வரிசைக்கு டிஃப்ட் 23ஏ என்று பெயர். 1960களின் தொடக்கத்தில் அதன் விதை இந்தியாவுக்கு வந்தது. லூதியானாவில், பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தில், டில்பாக் சிங் அத்வால் அதற்குப் பொருத்தமான ஆண் பெற்றோராக பில் 3பி என்ற வரிசையைப் பிடித்தார். இரண்டும் சேர்ந்து பிறந்ததுதான் எச்.பி. 1 (ஹைப்ரிட் பஜ்ரா, அதாவது ஒட்டுக் கம்பு). வெளியான ஆண்டு 1965. சோதனைத் திடல்களில் நாட்டுக் கம்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விளைந்தது.

அந்த நேரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கப்பலில் வரும் கோதுமையை நம்பி நாடு வயிறு கழுவிய காலம். தேசிய விதைக் கழகம் தொடங்கியதே 1963-ல்தான். விதைச் சட்டம் வந்தது 1966-ல். ஒரு விதை மூட்டையை யார் சோதிப்பது, என்ன அட்டை கட்டுவது என்பதெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக உருவாகிக்கொண்டிருந்தது. இந்த நிலையில், மழையை நம்பி நிற்கும் ராஜஸ்தான், குஜராத், மகாராஷ்டிரா மானாவாரி நிலங்களுக்கு இரு மடங்கு விளையும் கம்பு வருகிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

எச்.பி. 1-ஐத் தொடர்ந்து எச்.பி. 2, 3, 4, 5 என்று வரிசையாக வந்தன. இதில் எச்.பி. 3 சீக்கிரம் முதிரும், கடைசி மழை ஏமாற்றினாலும் தப்பித்துவிடும் என்பதால் நன்றாகப் பரவியது. அதற்கு ஆண் பெற்றோர் குஜராத்தின் ஜாம்நகரில் உருவான ஜே 104. மற்றவற்றுக்கு வேறு வேறு. ஆனால் ஐந்துக்கும் பெண் பெற்றோர் ஒன்றே ஒன்றுதான்: டிஃப்ட் 23ஏ. ஐந்து பெயர், ஐந்து அப்பா, ஒரே அம்மா. கடையில் நின்று "எச்.பி. 1 வேண்டாம், 3 குடுங்க" என்று கேட்டு வாங்கிய விவசாயி ரகத்தை மாற்றிவிட்டதாக நினைத்திருப்பார். பாதிதான் மாற்றினார்.

80 லட்சத்திலிருந்து 39 லட்சம்

1960களின் நடுவில் நாட்டின் கம்பு உற்பத்தி ஆண்டுக்கு 40 லட்சம் டன்னை ஒட்டி இருந்தது. 1970-71-ல் அது 80 லட்சம் டன். ஒட்டு ரகம் ஒரு காரணம், அந்த வருஷத்து நல்ல மழை இன்னொரு காரணம். அடுத்த வருஷம், 1971-72-ல், 53 லட்சம். அதற்கு அடுத்த வருஷம் 39 லட்சம்.

1971-ல் ஒட்டுக் கம்பு வயல்களில் அடிச்சாம்பல் நோய் கொள்ளைநோயாக இறங்கியது. முளைத்துச் சில வாரத்திலேயே செடி வெளிறும். சில செடிகள் அப்படியே கருகிப்போகும். தப்பித்து வளர்ந்தவற்றில் கதிர் வரும், ஆனால் மணி இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன இலைகளாக முறுக்கிக்கொண்டு நிற்கும். பச்சைக்கதிர் நோய் என்று இன்னொரு பெயர் வந்தது அதனால்தான். கதிரைக் கையில் பிடித்தால் துடைப்பத்தைப் பிடித்தது போல இருக்கும். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். விளையாத பயிரும் முளையிலேயே தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்ய, அப்போது மருந்து எதுவும் கையில் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையை எழுதுகிற பலர் உற்பத்தி ஒரே கோடாகச் சரிந்ததாகக் காட்டி, முழுப் பழியையும் நோயின் மேல் போடுகிறார்கள். அப்படி இல்லை. 1972 கடும் வறட்சி ஆண்டு. 39 லட்சத்தில் வானத்துக்கும் பங்கு உண்டு. 1973-74-ல் மழை நன்றாகப் பெய்ததும் உற்பத்தி 75 லட்சத்தைத் தொட்டது, 1974-75 வறட்சியில் மறுபடி 33 லட்சத்துக்கு விழுந்தது. மானாவாரிப் பயிரின் கணக்கு அப்படித்தான் ஊஞ்சலாடும். ஆனால் 80-லிருந்து 53-க்கு இறங்கிய அந்த முதல் அடியில் நோயின் கை பெரிது. எச்.பி. வரிசை ரகங்கள் அதற்குப் பிறகு பழைய மவுசோடு எழவே இல்லை.

டிஃப்ட் அம்மா ஏன் நோஞ்சானாக இருந்தாள்

இந்த நோய் 1971-ல் எங்கிருந்தோ வந்து குதித்ததல்ல. பட்லர் என்ற பூஞ்சையியல் அறிஞர் இந்தியாவில் அதைப் பதிவு செய்தது 1907-ல். நாட்டுக் கம்பு வயல்களில் அது என்றைக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்துகொண்டுதான் இருந்தது. பிறகு ஏன் அதுவரை கொள்ளைநோயாகவில்லை?

நாட்டுக் கம்பு வயலில் இரண்டு செடி ஒன்றுபோல இருக்காது. அக்கம்பக்கத்து மகரந்தம் கலந்து கலந்து, ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு ஜாதகம். நோய்க் கிருமி ஒரு செடியின் பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டாலும் பக்கத்துச் செடியில் பூட்டு வேறு. ஐந்தாறு செடி போனால் பக்கத்தில் நிற்பது தூர் கட்டி அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். விளைச்சல் குறைவுதான், ஆனால் ஒட்டுமொத்தமாகக் கை விரிக்காது. ஒட்டு ரகத்திலோ எல்லாச் செடிக்கும் ஒரே பூட்டு. ஒன்றைத் திறந்த சாவி எல்லாவற்றையும் திறந்துவிடும். பக்கத்து வயலிலும், பக்கத்து மாவட்டத்திலும் வேறு பெயரில் நிற்கும் ஒட்டிலும்கூட, பாதிப் பூட்டு அதே பூட்டு.

சரி, அந்தப் பூட்டாவது பலமானதா? இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் உறைத்த செய்தி இதுதான்: டிஃப்டனில் கம்பு மாட்டுத்தீவனப் பயிர். கம்பைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய் அந்த நாட்டில் கிடையாது. டிஃப்ட் 23ஏ தன் வாழ்நாளில் இந்த எதிரியைப் பார்த்ததே இல்லை. பார்க்காத எதிரிக்கு எதிராக யாரும் அதைத் தேர்வு செய்திருக்கவும் முடியாது. பர்ட்டனைக் குறை சொல்ல எதுவும் இல்லை. தன் ஊரின் தேவைக்கு அவர் அருமையான செடியை உருவாக்கியிருந்தார். அது கடல் தாண்டி வந்து லட்சக்கணக்கான ஏக்கர் பயிருக்குத் தாயாகும் என்று அங்கே யார் நினைத்திருப்பார்கள்?

இதே சமயத்தில் அமெரிக்காவும் இதே அடியை மக்காச்சோளத்தில் வாங்கியது என்பது வரலாற்றின் குறும்பு. அங்கே 1970-ல் விதைச்சோளத்தில் பெரும்பகுதி டெக்சஸ் சைட்டோபிளாசம் (சைட்டோபிளாசம் என்பது உயிரணுவில் உட்கருவைச் சுற்றியிருக்கும் பகுதி) என்ற ஒரே ஆண்மலட்டு மூலத்தை நம்பியிருந்தது. இலைக்கருகல் பூஞ்சையின் ஒரு புது வகை அதைக் குறிவைத்து வந்து, அந்த ஆண்டு விளைச்சலில் ஏறக்குறைய 15 விழுக்காட்டைத் தின்றுவிட்டுப் போனது. இரண்டையும் சேர்த்து வைத்து, ஆண்மலட்டுத் தன்மையே ஆபத்து என்று முடிவு கட்டினவர்கள் உண்டு. கம்பைப் பொறுத்தவரை அது தவறு. பின்னால் ஆராய்ந்ததில், மலட்டுத்தன்மையைத் தரும் சைட்டோபிளாசத்துக்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் தொடர்பு இல்லை என்று தெரிந்தது. பலவீனம் அந்த வரிசையின் உட்கருவில் இருந்த மரபணுக்களில். அதாவது மலட்டுத்தன்மையை வைத்துக்கொண்டே உடம்பைத் தேற்ற முடியும். பிறகு நடந்தது அதுதான்.

விதையோடு வரும் விருந்தாளி

நோய் பரவும் வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் விதைத் தரம் என்ற பேச்சு இங்கேதான் உண்மையில் தொடங்குகிறது.

அந்த வெள்ளைப் பவுடர் முழுக்க வித்துப்பைகள். இரவு முழுக்கக் காற்றில் ஈரம் நின்று, வெப்பம் 20 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் இலையின் அடிப்புறத்தில் முளைத்து, விடிவதற்கு முன்பே உதிர்ந்து பறக்கும். இளம்பயிரின் ஈர இலையில் விழுந்தால் ஒவ்வொரு பையும் வெடித்து, நீந்தும் வித்துகளை விடும். ஒரு சொட்டு பனித்தண்ணீர் அவற்றுக்கு ஏரி போல. நீந்திப் போய் உள்ளே நுழைந்தால், ஒரு வாரம் பத்து நாளில் அந்தச் செடியும் வெளிறும். புரட்டாசிப் பட்டத்தில் இது கூடுதலாகத் தெரிவதற்கு இந்த ஈரம்தான் காரணம். ஆனால் இந்த வித்துகள் மென்மையானவை. வெயில் பட்டால் செத்துப்போகும், ரொம்ப தூரம் போகாது.

தூரம் போகிறது இன்னொரு வகை. நோய் முற்றிய இலை காய்ந்து நாராகக் கிழியும்போது அதற்குள் கெட்டியான ஓடு போட்ட வித்துகள் இருக்கும். அவை மண்ணில் வருஷக்கணக்கில் படுத்துக் கிடக்கும். கதிரடிக்கும்போது இலைத் தூசியோடு சேர்ந்து விதையின் மேல் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய விதையை ஈரத்தாளில் வைத்துப் பாருங்கள், ஜோராக முளைக்கும். புறத்தூய்மை பார்த்தால் 98 விழுக்காடு தாண்டும். ஈரப்பதம் 12-க்குள் இருக்கும். கம்புக்கு வேண்டிய முளைப்புத்திறன் 75 விழுக்காடு. இது 85-ஐத் தொட்டாலும் தொடும். பரிசோதனைக்கூடத்தின் வழக்கமான மூன்று எண்ணும் சரியாக இருக்கும். திண்டிவனத்து அம்மாவிடம் மீதியிருந்த ஒரு கைப்பிடி விதையை நான் கொண்டுபோய் முளைக்க வைத்துப் பார்த்தேன். பழுது சொல்ல ஒன்றும் இல்லை.

நோயை விதையில் தேடுவதைவிட விதை எடுக்கும் வயலில் தேடுவதுதான் புத்தி. சான்று விதைக்கான விதிகள் அந்த இடத்தில் கறாராகவே இருக்கின்றன. ஒட்டுக் கம்பு விதைப்பண்ணைக்கும் மற்றக் கம்பு வயலுக்கும் பயிர் விலகு தூரம் 200 மீட்டர். பெற்றோர் விதை எடுக்கும் ஆதார நிலைக்கு 1000 மீட்டர். அடிச்சாம்பல் தாக்கிய செடி சான்று நிலையில் ஆயிரத்துக்கு ஒன்றைத் தாண்டினால் வயல் தேறாது. ஆதார நிலையில் இரண்டாயிரத்துக்கு ஒன்று.

ஒட்டு விதைப்பண்ணையை ஒரு முறையாவது பூக்கும் பருவத்தில் பார்க்க வேண்டும். நாலு வரிசை பெண், இரண்டு வரிசை ஆண் என்று மாறி மாறி நிற்கும். பெண் வரிசையில் எங்காவது ஒரு செடி மஞ்சள் மகரந்தத்தோடு நின்றால் அது மலட்டுத்தன்மை இழந்த கலவன். அதைக் காலையில், மகரந்தம் கொட்டுவதற்கு முன் பிடுங்கியாக வேண்டும். பத்து மணிக்கு டீ குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் வேலை முடிந்திருக்கும், கலவனின் வேலை. இரண்டு பெற்றோரும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும் என்பது அடுத்த தலைவலி. ஆண் பிந்திவிட்டால் பெண் கதிரின் சூல்முடிகள் மகரந்தத்துக்காக நாள்கணக்கில் காத்து நிற்கும். அப்படிக் காத்து நிற்கும் சூல்முடி வழியாகத்தான் தேன் ஒழுகல் என்ற இன்னொரு கதிர்நோய் நுழைகிறது. மகரந்தம் விழுந்துவிட்டால் அந்த வழி அடைபடும். ஆக, பூப்பு ஒத்துவராத விதைப்பண்ணை விளைச்சலை மட்டும் இழப்பதில்லை, நோயையும் சேர்த்து அறுவடை செய்கிறது. இந்த நோயின் கருத்த கட்டிகள் விதையோடு கலந்திருந்தால் பிரிக்க நம் ஊரில் பழைய வழி உண்டு: 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் கட்டியும் பொக்கும் மிதக்கும். மிதப்பதை எடுத்துவிட்டு, விதையை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். கழுவாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும்.

ஒட்டு ரகத்தின் கதிரிலேயே விதை எடுத்து அடுத்த வருஷம் போடுகிறவர்களும் இந்தத் தேன் ஒழுகலை எதிர்பார்க்கலாம். அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரியும்; உயரம் ஒன்றுபோல வராது என்பது கண்ணுக்குத் தெரியும். சில செடிகள் ஆண்மலடாகவே பிறக்கும் என்பது கதிரில் மணி பிடிக்காதபோதுதான் தெரியும்.

சரிசெய்த விதம், மறுபடி சறுக்கிய விதம்

1971-க்குப் பிறகு முதல் வேலை அம்மாவை மாற்றுவது. டிஃப்ட் 23 வரிசையின் விதையையே காமா கதிருக்கு ஆட்படுத்தி, நோயைத் தாங்கும் ஒரு மாற்றத்தைப் பிடித்தார்கள், அது 5071ஏ. பழைய எச்.பி. 3-ன் தாயை மட்டும் மாற்றி என்.எச்.பி. 3 வந்தது. டெல்லியில் 5141ஏ என்ற இன்னொரு பெண் வரிசை உருவாகி, அதிலிருந்து 1977-ல் பி.ஜே. 104, பி.கே. 560 என்ற ஒட்டுகள் வெளியாயின. பி.ஜே. 104 சக்கைப்போடு போட்டது. வடக்கே எங்கும் அதுதான். கவனியுங்கள்: இரண்டுக்கும் மறுபடி ஒரே அம்மா. 1980களின் நடுவில் பி.ஜே. 104-ம் அடிச்சாம்பலுக்குப் பணிந்தது. இந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. முதல் முறை தெரியாமல் விழுந்தோம் என்று சொல்லலாம். இரண்டாம் முறை, விதைக்கு இருந்த கிராக்கி கண்ணை மறைத்துவிட்டது. நன்றாக விளையும் ரகத்தைக் குறைத்துப் போடுங்கள் என்று எந்த விவசாயியிடம் போய்ச் சொல்வது? அவர் கேட்கவும் மாட்டார். கேட்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அதைக் கவனிக்க வேண்டியது பெற்றோர் வரிசையைப் பெருக்கிக் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள்.

அதே காலத்தில் வேறொரு பாதையும் திறந்தது. அதில் நம்ம ஊர் பெயர் இருக்கிறது என்பதால் கொஞ்சம் பெருமையோடு சொல்கிறேன். ஹைதராபாத்தை அடுத்த பட்டாஞ்சேருவில் 1972-ல் தொடங்கிய இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், உலகின் பல பகுதிக் கம்புகள் கலந்த ஒரு பெரிய கூட்டினத்தை வைத்திருந்தது. 1975-ல் கோயம்புத்தூரில் அதிலிருந்து தேர்ந்தெடுத்த செடிக் குடும்பங்களை ஒன்றுசேர்த்து உருவானது டபிள்யூ.சி.-சி 75. அந்த இரண்டாவது 'சி' கோயம்புத்தூர்தான். 1982-ல் வெளியானது. இது ஒட்டு அல்ல. நாட்டுக் கம்பைப் போலத் திறந்த வெளியில் கலக்கும் ரகம். செடிக்குச் செடி கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், ஆனால் எல்லாமே நோயை எதிர்த்துத் தேறியவை. லட்சக்கணக்கான ஏக்கரில் வருஷம் பல ஓடியும் அடிச்சாம்பல் அதைச் சாய்க்கவில்லை. உச்ச விளைச்சலில் நல்ல ஒட்டுக்கு ஒரு படி கீழேதான். விதையை விவசாயியே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதால் விதை வணிகத்துக்கு இதில் பெரிய ருசி இல்லை.

பட்டாஞ்சேருவில் நோயைச் சோதிக்கும் முறையும் மாறியது. நோய்க்கு எளிதில் ஆட்படும் கம்பை முதலில் வரிசைகளாக விதைத்து, அதில் நோய் நன்றாக முற்றியதும், நடுவில் சோதிக்க வேண்டிய வரிசைகளை விதைப்பார்கள். ராத்திரி பறக்கும் வித்துகள் ஒரு செடியையும் விடாது. அந்த அடியில் தப்பியவைதான் பெற்றோராகும். டிஃப்டனில் நடக்காத பரீட்சை இதுதான்.

அரியானாவின் ஹிசாரிலிருந்து 1990-ல் வந்த எச்.எச்.பி. 67 இந்தக் கதையின் பிந்திய அத்தியாயம். அறுபத்தைந்து நாளுக்குள் கதிர் முதிர்ந்துவிடும் என்பதால் பாலைவன ஓரத்து விவசாயிக்கு அதை விட மனசில்லை. அதற்கும் நோய் பிடிக்கும் அறிகுறி தெரிந்தது. இந்த முறை முழுதும் விழும்வரை காத்திருக்கவில்லை. அதன் பெற்றோருக்குள் மரபணு அடையாளங்களை வைத்து எதிர்ப்புத்திறனைக் கொண்டுவந்து, 2005-ல் எச்.எச்.பி. 67 இம்ப்ரூவ்டு என்ற பெயரில் வெளியிட்டார்கள். விவசாயிக்கு ரகம் மாறியதே தெரியாது. அதே உயரம், அதே நாள். உள்ளே பூட்டு மட்டும் புதிது.

திண்டிவனம் கொல்லைக்குத் திரும்பினால்

அன்றைக்குச் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஏக்கருக்கு 2 கிலோ விதை என்றால் ஆயிரம் விதை 10 கிராம் கணக்கில் இரண்டு லட்சம் விதை. 45-க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு வேண்டியது 60 ஆயிரம் செடி. எப்படியும் மீதிச் செடிகளைக் கலைத்துவிடத்தான் போகிறார். "கலைக்கிறப்ப கண்ண மூடிட்டுக் கலைக்காதீங்க. வெளிறுனதாப் பாத்துப் பிடுங்கி, கொல்லைக்கு வெளிய கொண்டுபோய்க் கொளுத்துங்க" என்றேன். இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு இரண்டு காலை செய்தார். முழுதும் தப்பவில்லை, முக்கால்வாசி தப்பியது. பிந்தி வந்த சில கதிர்கள் துடைப்பமாகவே நின்றன.

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட முடியவில்லை. பிரித்த மூட்டைக்குக் குவியல் எண் கிடையாது; எந்தப் பண்ணையில் விளைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த முறை பிரிக்காத பையை வாங்கச் சொன்னேன். நீல அட்டை என்றால் சான்று விதை, வயலாய்வு நடந்திருக்கும். பச்சை அட்டை என்றால் உண்மைநிலை விதை. அட்டையில் எழுதியிருப்பதற்கு விற்கிறவரே பொறுப்பு, சான்றுத் துறையின் வயலாய்வு இருக்காது. ஒட்டுக் கம்பில் தனியார் விற்பதில் பெரும்பகுதி இந்தப் பச்சைதான்; அதில் நல்லதும் நிறைய உண்டு. மெட்டாலாக்சில் 35 எஸ்.டி. மருந்தைக் கிலோவுக்கு 6 கிராம் கலந்து விதைத்தால் நோய் எளிதில் பிடிக்கும் முதல் மூன்று நாலு வாரம் ஓரளவு காவல். அப்புறம் அட்டையையும் ஒரு பிடி விதையையும் அறுவடை முடியும்வரை வைத்திருங்கள் என்றேன். எச்.பி. 1 கதையையும் அன்றுதான் வரப்பில் உட்கார்ந்து சொன்னேன்.

இரண்டு வருஷம் கழித்துப் போனபோது, ரேஷன் கார்டு வைத்திருக்கும் தகர டப்பாவை எடுத்து வந்து திறந்தார். உள்ளே ஒரு நீல அட்டை, ஒரு பச்சை அட்டை, காகிதத்தில் மடித்த விதைப் பொட்டலம் இரண்டு. கொல்லையில் பாதி ஒட்டு, பாதி திறந்த வெளியில் கலக்கும் கூட்டு ரகம் என்று போட்டிருந்தார். பச்சை அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, பேத்தியை விட்டு எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னார். ரகம், குவியல் எண், முளைப்புத்திறன், ஈரப்பதம், சோதித்த தேதி, காலாவதி தேதி.

"எல்லாம் சரி தம்பி," என்றார், "இதுல அம்மா பேரு எங்க போட்டிருக்கு?"